நின்ற லொறியில் மோதினால் பிழை யாருடையது?

கேள்வி கேட்டவர் கிண்ணியாக்காரர். அவருடைய மச்சான் மோட்டார் சைக்கிளில் ஐஸ் பெட்டி கட்டி மீன் விற்பவர். ஐந்து வாரத்துக்கு முன்னால், விடியற்காலை நாலரை மணிபோல, கந்தளாய்ப் பக்கம் போகும்போது முள்ளிப்பொத்தானை தாண்டி வீதியில் நின்ற சீமெந்து லொறியின் பின்பக்கத்தில் மோதிவிட்டார். லொறிக்குப் பின் டயர் வெடித்திருந்தது. விளக்கு எரியவில்லை, பின்னால் ஒரு மரக்கொப்பை மட்டும் ஒடித்துப் போட்டிருந்தார்கள். மச்சானுக்குத் தொடை எலும்பும் மணிக்கட்டும் முறிந்து, தொடையில் தகடு வைத்திருக்கிறார்கள். டயர் மாற்றிக்கொண்டிருந்த கிளீனர் பையனுக்கும் கை நசுங்கியிருக்கிறது. பொலிஸில் "பின்னால இடிச்சவன்தானே பிழை" என்று சொல்லியிருக்கிறார்கள். இப்போது லொறி முதலாளி ஆள் மூலம் இரண்டு இலட்சம் ரூபாயும் கையெழுத்து வைக்க ஒரு கடிதமும் அனுப்பியிருக்கிறார். "இதை வாங்கிக்கொள்ளலாமா?" என்பதுதான் கேள்வி.

வாங்கலாமா என்ற ஒரு சொல்லுக்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. விபத்துக்கு உண்மையான காரணம் என்ன, அந்தக் காரணம் சட்டப்படி யார் தலையில் விழும், விழுந்தால் காசு யாரிடமிருந்து வரும். மூன்றுக்கும் விடை தெரியாமல் இரண்டு இலட்சம் கூடவா குறைவா என்று சொல்ல முடியாது.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வாகனத் தொழில்நுட்பம் படித்து, ஆறு வருடம் லொறி கராஜ் ஒன்றில் வேலை செய்துவிட்டு, அப்புறம் 22 வருடம் காப்புறுதி நிறுவனங்களுக்காக விபத்து வாகனங்களைப் பார்த்து அறிக்கை எழுதியவன். நம் ஊர் வழக்கில் சொன்னால் 'அசெசர்'. அதாவது மேசையின் மற்றப் பக்கத்தில் இருந்தவன். சட்டத்தரணி இல்லை. நீதிமன்றத்தில் சாட்சி சொன்ன பழக்கம் உண்டு, வழக்குப் பேசிய பழக்கம் இல்லை. உங்கள் மச்சானின் கடதாசி ஒன்றையும் நான் பார்க்கவுமில்லை. இதை மனதில் வைத்து வாசியுங்கள்.

முதலில் அந்தப் பொலிஸ்காரர் சொன்ன வசனம். பின்னால் மோதியவன்தான் பிழை என்று இலங்கையில் ஒரு சட்டமும் இல்லை. அது வீதியில் பிறந்த கதை. பகலில், ஓடும் வாகனங்களுக்கிடையில் பெரும்பாலும் சரியாக வருவதால் சட்டம் மாதிரி ஆகிவிட்டது. நட்டஈட்டு வழக்கில் நீதிமன்றம் கேட்பது வேறு: நியாயமான கவனமுள்ள ஒரு ஆள் அந்த இடத்தில் செய்திருக்கவேண்டியதை யார் செய்யவில்லை, அதனால் என்ன நடந்தது? நம் நாட்டில் இதன் அடிப்படை உரோமன் டச்சுச் சட்டம். கவனயீனம் இருக்கவேண்டும், அந்தக் கவனயீனம் காயத்துக்குக் காரணமாக இருக்கவேண்டும். நின்ற வாகனமும் கவனயீனமாக நிற்கலாம். இருட்டில் வீதியில் நிற்கிற வாகனத்துக்கு விளக்கு வேண்டும் என்பதை மோட்டார் போக்குவரத்துச் சட்டமே எதிர்பார்க்கிறது. விளக்கை எரிய வைக்க முடியவில்லை என்றால் தூரத்திலேயே எச்சரிக்கை காட்டவேண்டும்.

இதைக் கணக்காகப் பார்த்தால் இன்னும் விளங்கும். மணிக்கு 60 கிலோமீட்டரில் போகிற பைக் ஒரு செக்கனில் ஏறக்குறைய 17 மீட்டர் போகும். கண் கண்டு, மனம் புரிந்து, கை பிரேக்கைப் பிடிக்க ஒன்றரைச் செக்கன் என்று வைத்தால் அதற்குள்ளேயே 25 மீட்டர் போய்விடும். காய்ந்த தாரில் நல்ல பிரேக் பிடித்து நிற்க இன்னும் 23 மீட்டர் அளவில் வேண்டும். ஆக 48 மீட்டர். சாதாரண பைக்கின் தாழ்த்திய லைட்டில், வெளிச்சம் திருப்பிக் காட்டாத, சேறு பிடித்த லொறிப் பின்பக்கம் தெரிவது 30, 40 மீட்டருக்குள்தான். அதிலும் லொறியின் தட்டு உயரத்தில் இருக்கிறது, பைக் லைட் கீழே அடிக்கிறது. வெளிச்சம் தட்டுக்கு அடியால் புகுந்து அச்சில் விழும். ஓட்டுகிறவனுக்கு முன்னால் வெறும் இருட்டுத்தான், அந்த இருட்டில் அவன் நெஞ்சு மட்டத்தில் ஒரு இரும்பு விளிம்பு. எதிரே ஒரு வாகனம் பெரிய லைட் போட்டு வந்திருந்தால் அதுவும் தெரியாது.

அந்த மரக்கொப்பு விஷயத்தையும் சொல்லவேண்டும், ஏனென்றால் முதலாளி தரப்பு கட்டாயம் அதைச் சொல்லும்: "நாங்க கொப்பு வெச்சிருந்தோமே." எவ்வளவு தூரத்தில் வைத்தார்கள்? நான் பார்த்த கொப்புகளில் பாதிக்கு மேல் லொறிக்குப் பின்னால் இரண்டு மூன்று மீட்டரில் கிடந்தவை. 60இல் வருகிறவனுக்கு மூன்று மீட்டர் என்பது ஒரு செக்கனில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. கொப்பைக் காணும்போதே லொறிக்குள் இருப்பான். பச்சை இலை இரவில் கறுப்பு. ஐம்பது அறுபது மீட்டர் பின்னால் ஒளி திருப்பும் முக்கோணம் வைத்திருந்தால் கதையே வேறு.

ஆனால் இதே கணக்கு மச்சானுக்கு எதிராகவும் பேசும் என்பதை மறைக்க விரும்பவில்லை. 40இல் போயிருந்தால் மொத்தம் 27 மீட்டரில் நிறுத்தியிருக்கலாம். லைட் எட்டுகிற தூரத்துக்குள் நிறுத்தக்கூடிய வேகத்தில் ஓட்டவேண்டும் என்று எதிர்த்தரப்புச் சட்டத்தரணி சொல்வார், நீதிமன்றம் அதைத் தள்ளிவிடாது. இதற்குத் திரும்ப வருகிறேன்.

சரி, லொறி ஏன் அங்கே நின்றது? டயர் வெடித்தது. டயர் ஏன் வெடித்தது? முதலாளிமார் இதை விதி மாதிரிச் சொல்வார்கள். என் அனுபவத்தில் டயர் திடீரென்று வெடிப்பது குறைவு, பல நாளாக வெடித்துக்கொண்டே வந்து கடைசி நாளில் சத்தம் போடுவதுதான் கூட. பின் அச்சில் இரட்டைச் சில்லு. உள்ளே இருக்கிற டயரில் காற்று குறைந்தால் வெளியே இருந்து தெரியாது, ஏனென்றால் பக்கத்து டயர் தாங்கிக்கொண்டிருக்கும். அந்தப் பக்கத்து டயர் இரண்டு டயரின் பாரத்தைச் சுமந்து, பக்கச்சுவர் மடிந்து மடிந்து சூடேறி, நூல் விட்டுப்போகும். அது ஏற்கெனவே இரண்டு தரம் ரீபில்ட் பண்ணிய, அதாவது தேய்ந்த மேற்பகுதிக்குப் புது ரப்பர் ஒட்டிய டயராக இருந்தால், அனுமதித்ததற்கு மேல் மூட்டை ஏற்றியிருந்தால், கேட்கவே வேண்டாம். கராஜில் ஒரு பழைய டிரைவர் ஒவ்வொரு நடைக்கு முன்னும் ஒரு இரும்புக் கம்பியால் ஆறு டயரையும் தட்டிச் சத்தம் கேட்பார். காற்றிருந்தால் 'டங்' என்று துள்ளும், இல்லையென்றால் 'தொப்' என்று அமுங்கும். அதற்கு ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடம் டிரைவருக்கு இருந்ததா என்பதே பல விபத்துகளின் உண்மையான கேள்வி. சீனன்குடாப் பக்கம் மாவும் சீமெந்தும் எண்ணெயும் ஏற்றிக்கொண்டு ஏ6 வீதியால் இரவிரவாக ஓடுகிற டிரைவர்களில் பலருக்குச் சம்பளம் நடைக்கணக்கு. நடை குறைந்தால் காசு குறையும். நின்றால் நட்டம் அவனுக்கு, ஓடினால் இலாபம் முதலாளிக்கு.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், வாகனப் பழுது என்பதை எல்லோரும் சாக்காக எடுத்துக்கொள்கிறார்கள். "பிரேக் பிடிக்கல்ல சேர், நான் என்ன செய்யிற?" என்பதைக் கேட்டால் சனமும் பாவம் என்று தலையாட்டும். பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு டிப்பரைப் பார்க்கப் போனேன். மணல் ஏற்றி வந்தது, ஒரு சந்தியில் நிறுத்த முடியாமல் முச்சக்கரவண்டி ஒன்றை நெரித்துவிட்டது. திடீர்ப் பழுது என்று முதலாளி எழுதிக்கொடுத்திருந்தார். சில்லைக் கழற்றி டிரம்மை இழுத்தோம். லைனிங் ஆணி தெரியத் தேய்ந்திருந்தது. அது பரவாயில்லை. பின் இடது சில்லுக்குப் போகிற பிரேக் பைப்பைக் குறட்டால் மடித்து, சுத்தியலால் தட்டித் தட்டையாக்கி அடைத்திருந்தார்கள். அந்தச் சில்லில் எண்ணெய் கசிந்திருக்கிறது. திருத்தக் காசும் நேரமும் இல்லை. ஒரு சில்லை நீக்கிவிட்டு மிச்சச் சில்லுகளை நம்பி ஓடியிருக்கிறார்கள். மடிப்பின்மேல் மண்ணும் கிரீஸும் படிந்து கறுத்துப் போயிருந்தது, மாதக்கணக்கான வேலை. அதைப் படம் எடுத்தபோது முதலாளியின் மகன் பக்கத்தில் நின்று ஒன்றும் பேசவில்லை.

பழுது என்பது மன்னிப்பாக வேண்டுமென்றால், ஒழுங்காகப் பார்த்துப் பராமரித்தும் கண்டுபிடித்திருக்க முடியாத பழுதாக இருக்கவேண்டும். மடித்த பைப்பும் நூல் விட்ட டயரும் அந்த வகையில் சேராது. அவை முதலாளிக்கு எதிரான சாட்சி. வருடாந்தத் தகுதிச் சான்றிதழை எடுத்து நீட்டுவார்கள். அது வாகனம் சோதித்த நாளுக்கான கடதாசி, விபத்து நடந்த நாளுக்கானது இல்லை.

நம் திருகோணமலை மாவட்டத்தில் நான் திரும்பத் திரும்பக் கண்ட மற்றக் காரணங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நீளமான லொறி இடப்பக்கம் திரும்பும்போது பின்சில்லு முன்சில்லு போன வழியே போகாது, உள்ளே வெட்டிக்கொண்டு வரும். அந்த இடைவெளிக்குள் சைக்கிளும் பைக்கும் மாட்டுப்படும். டிரைவர் கண்ணாடியில் அவர்களைக் காணாமலிருப்பது பல நேரம் பொய் இல்லை. அரைவாசி எண்ணெயோடு போகிற பவுசர் பிரேக் பிடித்த பிறகும் உள்ளே எண்ணெய் அலைந்து முன்னால் தள்ளும். கந்தளாயிலிருந்து ஹபரணை வரை காட்டுக்குள் நேராகப் போகிற வீதி நித்திரைக்கு நல்ல வீதி. நித்திரை கொண்ட டிரைவரின் விபத்தில் தாரில் பிரேக் கோடு இருக்காது, அதுதான் அடையாளம். அப்புறம் மாடு. மாடு குறுக்கே வந்தது என்று சொன்ன கதைகளில் எத்தனை மாடு உண்மையான மாடு என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

இனி சட்டம். டிரைவர் கவனயீனமாக இருந்தால் டிரைவர் பொறுப்பு. அவன் முதலாளியிடம் வேலை செய்பவன், அந்த வேலையைச் செய்யும்போதுதான் இது நடந்தது என்றால் முதலாளியும் பொறுப்பு. முதலாளி வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார் என்பது பதில் ஆகாது. இது நிச்சயமான பகுதி. இதற்கு மேலே, டயரையும் விளக்கையும் சரியாக வைக்காதது முதலாளியின் சொந்தக் கவனயீனம். அது டிரைவர் வழியாக வருவதில்லை, நேரடியாகவே அவர்மேல் விழுகிறது. இரண்டையும் வழக்கில் சேர்த்தே எழுதவேண்டும் என்று உங்கள் சட்டத்தரணியிடம் சொல்லுங்கள். டிரைவர் தன் சொந்த அலுவலுக்கு வண்டியை எடுத்துப்போனான், எனக்குத் தெரியாது என்று சில முதலாளிமார் சொல்வதுண்டு. விடியற்காலையில் சீமெந்து மூட்டையோடு நின்ற லொறிக்கு அந்தக் கதை ஒட்டாது.

சிக்கல் வருவது யார் முதலாளி என்பதில்தான். பதிவுப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தால் முற்றுரிமையாளர் என்று ஒரு லீசிங் கம்பனி இருக்கும், பதிவுசெய்த உரிமையாளர் என்று ஒரு ஆள் இருப்பார். காசு கொடுத்த கம்பனி டிரைவருக்கு எஜமான் இல்லை, அதன் பெயரைக் கண்டு பெரிய இடம் என்று சந்தோஷப்படவேண்டாம். இன்னொன்று, நம் நாட்டில் வண்டியை 'ஓப்பன் பேப்பரில்', அதாவது புத்தகத்தில் பெயர் மாற்றாமலே, விற்கிற பழக்கம். புத்தகத்தில் குருநாகலில் ஒருவர் பெயர் இருக்கும், அவர் அதை விற்று மூன்று வருடமாகியிருக்கும், ஓட்டுவிக்கிறவர் திருகோணமலையில் இருப்பார். அப்படியானால் அந்த நாள் அந்த டிரைவரை வேலைக்கு வைத்துச் சம்பளம் கொடுத்தது யார் என்பதை நிறுவவேண்டும். உங்களுக்கு இதில் ஒரு வாய்ப்பு இருக்கிறது: இரண்டு இலட்சம் கொடுத்து அனுப்பியவர் தானாகவே முன்னுக்கு வந்திருக்கிறார். அந்தக் கடிதத்தில் அவர் பெயர் என்னவென்று பாருங்கள், படம் எடுத்து வையுங்கள். சீமெந்துக்குச் சொந்தக்காரரையும் பிடிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வாடகை லொறியில் சாமான் ஏற்றியவர் சும்மா பொறுப்பாகமாட்டார். அளவுக்கு மேல் ஏற்றச் சொன்னது அவர்தான், அதனால்தான் டயர் போனது என்று காட்டினால் மட்டும்தான். காட்டுவது கஷ்டம். நான் அதில் நேரம் செலவழிக்கமாட்டேன்.

காசு எங்கிருந்து வரும்? பெரும்பாலும் காப்புறுதியிலிருந்து. மூன்றாம் தரப்புக் காப்புறுதி, அதாவது நம் வண்டியால் அடுத்தவருக்கு வருகிற பாதிப்புக்கான காப்புறுதி, இல்லாமல் வீதியில் வண்டி ஓட்ட முடியாது, 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டம் அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. மச்சானின் காலும் கையும் அந்தக் கட்டாயக் காப்புறுதிக்குள் வருகிற விஷயம். ஆனால் ஒரு விஷயத்தைப் பலர் தெரியாமல் கோட்டைவிடுகிறார்கள். காப்புறுதி நிறுவனம் சட்டப்படி கட்டவேண்டியது நீதிமன்றத் தீர்ப்பை. அந்தக் கடமை பிறக்க, வழக்குப் போடுவதற்கு முன்னாலோ போட்டு ஏழு நாளுக்குள்ளோ வழக்கைப் பற்றி நிறுவனத்துக்கு அறிவித்தல் கொடுத்திருக்கவேண்டும். வென்ற பிறகு தீர்ப்பைக் கொண்டுபோனால், "எங்களுக்கு அறிவிக்கவே இல்லையே" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். அந்த வரியை எழுதிய அறைகளில் நான் இருந்திருக்கிறேன். ஆகவே லொறியின் முன் கண்ணாடியில் ஒட்டியிருந்த காப்புறுதி அட்டையின் விபரம் வேண்டும். பொலிஸ் அதைக் குறித்திருக்கும். டிரைவரின் அனுமதிப்பத்திரம் அந்த வகை லொறிக்கு உரியதா என்பதையும் பாருங்கள். இல்லையென்றால் நிறுவனம் அதைப் பிடித்துக்கொண்டு இழுக்கும், அப்போது விளைவு ஒப்பந்தத்தின் வாசகத்தையும் வழக்கின் போக்கையும் பொறுத்தது. அந்த இடத்தில் சட்டத்தரணியின் கெட்டித்தனம் தேவை.

மச்சானின் பங்குக்கு வருகிறேன். முன்னொரு காலத்தில் தன் பக்கமும் பிழை இருந்தால் வழக்கு போச்சு என்ற பயம் இருந்தது. 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் வந்த பிறகு அப்படி இல்லை. நீதிமன்றம் பிழையைப் பங்கு பிரிக்கும். உதாரணத்துக்கு, மொத்த நட்டம் 30 இலட்சம் என்று தீர்மானித்து, மச்சானின் பிழை மூன்றில் ஒரு பங்கு என்று கண்டால் அவருக்கு 20 இலட்சம். இது வெறும் கணக்கு, உங்கள் வழக்கில் இந்தப் பங்குதான் வரும் என்று நான் சொல்லவில்லை. வேகம், பைக்கின் லைட் எரிந்ததா, வீதியோரத்தில் லொறியை இறக்கி நிறுத்த இடம் இருந்ததா, எதிர் வெளிச்சம் இருந்ததா என்பவை பங்கை அங்கும் இங்கும் தள்ளும். தலைக்கவசம் பற்றிக் கேட்டீர்கள். போட்டிருந்தார் என்பது நல்லது. போடாமல் இருந்தாலும் முறிந்தது தொடை என்பதால் அதைப் பெரிதாகப் பிடித்துத் தொங்க முடியாது.

பொலிஸ் வழக்கும் நட்டஈட்டு வழக்கும் இரண்டு தண்டவாளம். நீதவான் நீதிமன்றத்தில் பொலிஸ் போடுவது குற்ற வழக்கு. அதில் டிரைவர் குற்றவாளியானால், பாதிக்கப்பட்டவருக்கு இவ்வளவு கட்டு என்று நீதவான் கட்டளையிடலாம், குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு அதற்கு இடம் கொடுக்கிறது. தொகை பெரிதாக இருக்காது. உண்மையான நட்டஈடு மாவட்ட நீதிமன்றத்தில். இப்போது எனக்குப் பயம் தருவது, பொலிஸ் மச்சான்மேலேயே கவனயீனமாக ஓட்டியதாக வழக்குப் போடக்கூடும் என்பது. "குற்றத்தை ஒத்துக்கொண்டு ஃபைன கட்டிட்டுப் போங்க, அலைச்சல் இல்ல" என்று யாராவது அன்பாகச் சொல்வார்கள். அந்தச் சில ஆயிரம் ரூபாய் அபராதம் பல இலட்சத்துக்கான வழக்கைத் தின்றுவிடும், ஒத்துக்கொண்டது அவருக்கு எதிரான சாட்சியாகத் திரும்பி வரும். சட்டத்தரணியைக் கேட்காமல் ஒத்துக்கொள்ளவேண்டாம்.

வாக்குமூலமும் அப்படித்தான். ஆஸ்பத்திரிக் கட்டிலில், மருந்து மயக்கத்தில், தெரியாத மொழியில் எழுதியதன் கீழ் கையெழுத்து வைத்தவர்களைக் கண்டிருக்கிறேன். தமிழில் பதியச் சொல்லிக் கேட்பது உரிமை, தயவு இல்லை. ஏற்கெனவே கொடுத்துவிட்டார் என்றால் பிரதி எடுத்து, தெரிந்த ஒருவரைக் கொண்டு வாசித்துப் பாருங்கள். "லொறியைக் காணவில்லை" என்று அவர் சொன்னது "கவனிக்கவில்லை" என்று எழுதப்பட்டிருந்தால் இரண்டுக்கும் இடையில் ஒரு கடல் இருக்கிறது. பிழையாக இருந்தால் மேலதிக வாக்குமூலம் கொடுக்கலாம்.

இரண்டு இலட்சத்தை இப்போது எடைபோடுவோம். கேட்கக்கூடியது இரண்டு வகை. ஒன்று காசாக எண்ணக்கூடிய இழப்பு: வெளியே வாங்கிய மருந்து, கண்டிக்கும் கொழும்புக்கும் போன வாகனக் கூலி, பைக், உழைக்காமல் போன நாட்கள், இனி குறையப்போகிற உழைப்பு. மற்றது வலி, வேதனை, உடல் முன்போல இல்லாமல் போனது. அரசாங்க ஆஸ்பத்திரி இலவசம் என்பதால் செலவே இல்லை என்று நினைத்துப் பற்றுச்சீட்டுகளை எறிந்துவிடுகிறோம். பெரிய தொகை எப்போதும் இனிவரும் உழைப்பில்தான். மீன் வியாபாரிக்குச் சம்பளச் சீட்டு ஏது? அதற்கு வழி இருக்கிறது. வாடியில் அவருக்கு மீன் கொடுத்தவரின் கொப்பியில் ஒவ்வொரு நாளும் அவர் பெயரும் கிலோவும் எழுதியிருக்கும். அந்தக் கொப்பிப் பக்கங்கள், வங்கிப் புத்தகம், ஐஸ் வாங்கிய சீட்டு, கிராம உத்தியோகத்தரின் கடிதம் எல்லாம் சேர்த்தால் ஒரு வருமானம் உருவாகும். தகடு வைத்த தொடை சரியாகக் கூடுமா, கால் குட்டையாகுமா, பைக் ஓட்ட முடியுமா என்பது ஐந்து வாரத்தில் எந்த வைத்தியருக்கும் தெரியாது. சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கையும், பிறகு எத்தனை வீதம் இயலாமை என்ற மதிப்பீடும் வரும்வரை எந்தத் தொகையும் குருட்டுத் தொகைதான்.

அந்தக் கடிதத்தில் "இனிமேல் எவ்வித உரிமையும் கோரமாட்டேன்" என்ற மாதிரி ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருக்கும். என் தொழிலில் அந்த வரிக்குத்தான் காசு, மிச்சமெல்லாம் சோடனை. வீட்டில் அடுப்பெரிய வேண்டும், எனக்குத் தெரியும். முதலாளி உண்மையிலேயே இரக்கத்தில் கொடுக்கிறார் என்றால், "மருத்துவச் செலவுக்கு முற்பணமாகப் பெற்றுக்கொண்டேன், மிகுதிக் கோரிக்கைக்கு இது தடையாகாது" என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அவர் அதற்குச் சம்மதிக்காவிட்டால் அது இரக்கம் இல்லை, வியாபாரம். சமாதானமாக முடிப்பதையே நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. வழக்குகள் வருடக்கணக்கில் இழுபடுகின்றன, நியாயமான தொகைக்குக் காப்புறுதி நிறுவனத்தோடு பேசி முடிப்பது பலருக்கு நல்லதாக அமைந்திருக்கிறது. அது இயலாமை மதிப்பீடு வந்த பிறகு, நிறுவனத்துக்கும் முதலாளிக்கும் சட்டத்தரணி மூலம் பதிவுத் தபாலில் கோரிக்கைக் கடிதம் போன பிறகு நடக்கவேண்டிய பேச்சு. ஆனால் பேசிக்கொண்டே காலத்தைக் கடத்தவும் கூடாது: காலவிதிப்புக் கட்டளைச் சட்டப்படி இந்த வகை வழக்கை இரண்டு வருடத்துக்குள் போடவேண்டும். "பொலிஸ் கேஸ் முடியட்டும், பார்ப்பம்" என்று இருந்து இரண்டு வருடமும் இரண்டு மாதமும் கழித்து வந்தவர்கள் உண்டு. சட்டத்தரணிக்குக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையம் திருகோணமலையிலேயே இருக்கிறது, போய்க் கேளுங்கள்.

போகிறபோக்கில் சொன்னீர்களே அந்தக் கிளீனர் பையன், அவனை யாரும் நினைக்கவில்லைப் போலிருக்கிறது. அவனுக்குத் தனி வழி உண்டு. 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டப்படி, வேலை நேரத்தில் வேலையால் காயப்பட்டவனுக்கு யார் பிழை என்று நிரூபிக்காமலே முதலாளி கட்டவேண்டும். மச்சான்மேல் அவனுக்குக் கோபம் இருக்கலாம். ஆனால் கொப்பை எங்கே வைத்தார்கள், விளக்கு ஏன் எரியவில்லை என்பதை நேரில் கண்ட சாட்சி அவன்தான். மனிதத்தன்மையோடு போய்ப் பாருங்கள். இதே பதிலை உயிர் போன வீட்டார் யாராவது வாசித்தால் அவர்களுக்கு ஒரு வரி: முன்பு காசாக எண்ணக்கூடிய இழப்பை மட்டும்தான் கேட்கலாம் என்றிருந்தது, 2019ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டம் வந்த பிறகு ஆளின் அன்பையும் துணையையும் இழந்ததற்கும் கேட்கலாம். அடித்துவிட்டு ஓடிய வாகனம் என்றால் வீதிப் பாதுகாப்புக்கான தேசிய சபையிடம் விண்ணப்பிக்க ஒரு ஏற்பாடு இருக்கிறது.

கடைசியாக, இந்தக் கிழமையே செய்யவேண்டியது. லொறி ஏற்கெனவே பிணையில் விடப்பட்டுவிட்டது என்கிறீர்கள், வெடித்த டயர் இப்போது எங்கோ ஒரு டயர் கடைக்குப் பின்னால் கிடக்கும். விடுவதற்கு முன் மோட்டார் வாகனப் பரிசோதகர் பார்த்திருப்பார், அந்த அறிக்கையின் பிரதியையும் பொலிஸின் இடவரைபடத்தையும் நீதிமன்றத்தில் விண்ணப்பித்து எடுங்கள். இடத்துக்கு இரவில், அதே நேரத்துக்கு, இன்னொரு பைக்கில் போய் எவ்வளவு தூரத்தில் என்ன தெரிகிறது என்று வீடியோ எடுங்கள். அன்று அந்த வழியால் போன மற்ற மீன்காரர்களைக் கேளுங்கள். அவர்களில் யாராவது "நானும் கடைசி நேரம்தான் வெட்டித் தப்பினேன்" என்று சொன்னால் அந்த ஒரு சாட்சி என்னுடைய எல்லாக் கணக்குக்கும் மேல். பைக்கைத் திருத்தவேண்டாம், விற்கவும் வேண்டாம். முக்கியமாக உடைந்த ஹெட்லைட்டின் பல்பைக் கழற்றிப் பஞ்சில் சுற்றி ஒரு டப்பாவில் போட்டு, யார் எப்போது கழற்றியது என்று எழுதி, கழற்றுவதையும் படம் எடுத்து வையுங்கள். எரிந்துகொண்டிருந்த பல்பின் இழை மோதும்போது சூட்டில் இழுபட்டு வளையும், அணைந்திருந்த பல்பின் இழை பெரும்பாலும் அப்படியே இருக்கும் அல்லது சுத்தமாக முறியும். பைக்கில் லைட் இல்லை என்று அவர்கள் ஒருநாள் சொல்வார்கள். அன்றைக்கு அந்த டப்பா உங்கள் கையில் இருக்கவேண்டும்.